முதலெழுத்து ஒப்புமையும் பொருள் உறவும்: சிறுசொல் ஆய்வின் வரலாறு, தேவதானம் வட்டாரச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரே எழுத்தில் தொடங்கும் சிறுசொற்கள் பொருளாலும் உறவுடையனவா என்னும் வினா ஆங்கில மொழியியலிலும் தமிழ்ச் சொல்லாராய்ச்சியிலும் தனித்தனியே எழுந்துள்ளது. ஆங்கிலத்தில் இவ்வினாவுக்கு ஒரு கலைச்சொல்லை வகுத்தவர் ஜே. ஆர். ஃபெர்த். தமிழில் சிறுசொற்களை வேர்களாகக் கொண்டு சொற்குடும்பங்களை அமைத்தவர் ஞா. தேவநேயப் பாவாணர். இவ்விருவர் நெறிகளையும், நிகண்டு, அகராதி ஆகியவற்றின் வைப்புமுறையையும் ஒப்பிட்டு, முதலெழுத்து ஒப்புமை எவ்விடத்தில் சான்றாகும், எவ்விடத்தில் ஆகாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தேவதானம், இராசபாளையம் பகுதி வழக்குகளும் அப்பகுதியின் இருமொழிச் சூழலும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிறுசொல், முதலெழுத்து, நிகண்டு, அகராதி, ஒலிப்பொருட்கூறு, வேர்ச்சொல், தேவதானம்.

1. முன்னுரை

விருதுநகர் மாவட்டம் இராசபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சேத்தூரை அடுத்து அமைந்துள்ளது தேவதானம். இங்குள்ள சிவன்கோயில் தென்பாண்டி நாட்டின் ஐம்பூதத் தலங்களுள் வான்தலமாகப் போற்றப்படுகிறது. இறைவன் பெயர் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி. பாண்டியனுக்குப் பகைவேந்தன் அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையின் தீங்கை இறைவன் நீக்கினான் என்று தலவரலாறு கூறும். நஞ்சு என்னும் சொல் ஆடையோடு புணரும்போது மெல்லினம் வல்லினமாகத் திரிந்து ‘நச்சு’ என நின்றது.

இதே ‘நச்சு’ உரையாசிரியர் ஒருவர் பெயரிலும் உண்டு. நச்சினார்க்கினியர் என்னும் பெயரில் உள்ள நச்சுதல் விரும்புதலைக் குறிக்கும். விரும்பியவர்க்கு இனியவர் என்பது அப்பெயரின் பொருள். எழுத்தளவில் வேறுபாடற்ற இரு சிறுசொற்களில் ஒன்று உயிரைக் கொல்வதையும் மற்றொன்று உள்ளம் நாடுவதையும் குறிக்கின்றன. அகரவரிசையில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். அந்த அண்மையைக் கண்ட ஒருவர் இரண்டையும் ஒரே வேரில் பிறந்தவை எனக் கொள்ளவும் கூடும். அண்மை வேறு, உறவு வேறு என்பதை நிறுவுவதற்கு அளவுகோல்கள் வேண்டும். அவ்வளவுகோல்களைச் சொல்லாராய்ச்சியின் வரலாற்றிலிருந்து திரட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆங்கிலச் சிறுசொற்களும் ஃபெர்த்தின் கோட்பாடும்

ஆங்கிலத்தில் ஒளியைக் குறிக்கும் சிறுசொற்கள் பல ஒரே மெய்ம்மயக்கத்தில் தொடங்குகின்றன. ‘கிளோ’ (ஒளிர்தல்), ‘கிளீம்’ (மெல்லொளி வீசுதல்), ‘கிளிட்டர்’ (மினுமினுத்தல்), ‘கிளிண்ட்’ (சிற்றொளி தெறித்தல்) ஆகியன அத்தகையவை. வழுக்கலையும் ஈரத்தையும் குறிக்கும் ‘ஸ்லிப்’, ‘ஸ்லைடு’, ‘ஸ்லைம்’, ‘ஸ்லஷ்’ முதலியன மற்றொரு தொகுதி. இவ்வகைத் தொகுதிகளை ஆங்கில இலக்கண ஆசிரியர் ஜான் வாலிஸ் 17ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துள்ளார். அவரது இலக்கணத்தின் முதற்பதிப்பு 1653இல் வெளிவந்தது.

இந்நிகழ்வுக்குக் கலைச்சொல் வகுத்தவர் ஜே. ஆர். ஃபெர்த் (1890–1960). 1930இல் வெளியிட்ட ‘பேச்சு’ எனப் பொருள்படும் தலைப்புடைய சிறுநூலில் ‘ஃபோனஸ்தீம்’ என்னும் சொல்லை அவர் ஆண்டார். இக்கட்டுரை அதனை ‘ஒலிப்பொருட்கூறு’ என வழங்குகிறது. 1933இல் லெனார்டு புளூம்ஃபீல்டும் தம் ‘மொழி’ நூலில் இத்தகைய தொடக்கங்களைப் பட்டியலிட்டார்.

ஃபெர்த் தமிழாய்வுக்கு அயலவர் அல்லர். 1920களில் இலாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியராக இருந்த அவர், பின்னர் இலண்டனில் பணியாற்றியபோது தமிழ் ஒலிப்பு பற்றிய சுருக்க விளக்கம் ஒன்றை எழுதினார். அது ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கணத்தின் 1934ஆம் ஆண்டுப் பதிப்பில் பின்னிணைப்பாக இடம்பெற்றது.

ஒலிக்கு இயல்பாகவே பொருள் உண்டு என்று ஃபெர்த் கொள்ளவில்லை என்பது இங்கு முதன்மையானது. ஒரே தொடக்கமுடைய சொற்கள் ஒத்த சூழலில் மீண்டும் மீண்டும் வழங்குவதால் பேசுவோரிடம் ஒரு பழக்கம் உருவாகிறது; அப்பழக்கமே தொடக்கத்துக்குப் பொருட்சாயலைத் தருகிறது என்பது அவர் நிலைப்பாடு. எனவே ஒலிப்பொருட்கூறு ஒரு மொழிச் சமூகத்தின் வழக்கில் விளைவது. சொல்லின் பிறப்புக்குச் சான்றாவது அன்று.

ஆங்கிலச் சொல்வரலாறும் இதை உறுதிசெய்கிறது. ஒளிப்பொருட் சொற்கள் சில உண்மையிலேயே ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை. ஆனால் அதே தொடக்கமுடைய ‘கிளவ்’ (கையுறை), ‘கிளூ’ (பசை) என்பவற்றுக்கு ஒளியோடு தொடர்பு இல்லை. கண்ணோட்டத்தைக் குறிக்கும் ‘கிளான்ஸ்’ என்பதோ வழுக்கிச் செல்லுதலைக் குறித்த பழம்பிரெஞ்சுச் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. ஒளிச்சொற்களின் சாயலில் அது இன்றைய பொருளை எய்தியது. ஆகவே ஒரே தொடக்கமுடைய தொகுதியில் உடன்பிறந்தன, வந்து சேர்ந்தன, தொடர்பற்றன என்னும் மூவகைச் சொற்களும் கலந்துள்ளன.

3. தமிழில் மொழிமுதலும் ஓரெழுத்தொருமொழியும்

தமிழ்ச்சொல் மெய்ம்மயக்கத்தில் தொடங்குவதில்லை. மெய்யெழுத்து உயிரோடு கூடியே மொழிக்கு முதலாகும் என்பது தொல்காப்பிய மொழிமரபு. ஆங்கிலத்தில் பொருட்சாயல் ஏற்கும் இடமாகிய தொடக்க மயக்கத்திற்குத் தமிழில் இடமே இல்லை. ஆங்கிலச் சொல் தமிழில் வழங்கும்போது இடையில் ஓர் உயிர் புகுகிறது. ‘சிலேட்டு’, ‘கிளாசு’, ‘பிளேட்டு’ என்பன காண்க. இரு மெய்களும் பிரிந்து இரண்டு அசைகளாகிவிடுவதால் ஆங்கிலத் தொகுதியின் பொருட்சாயலைத் தமிழ்ப் பேச்சாளர் உணர்வதற்கான வாய்ப்புக் குறைகிறது எனக் கருதலாம்.

மறுபுறம் ஆங்கிலத்தில் அரிதாக உள்ள ஒன்று தமிழில் மிகுதி. ஓரெழுத்தே ஒரு சொல்லாக நிற்பதை நன்னூல் வரையறுத்து, அத்தகைய மொழிகள் 42 எனக் கூறும். அவற்றுள் 40 நெடில். ‘நொ’, ‘து’ ஆகிய இரண்டு மட்டும் குறில். தகர வரிசையில் தா, தீ, தூ, தே, தை என்பன அடங்கும். இத்தகைய சொல்லில் முதலெழுத்தே முழுச்சொல்லாகும். எனவே முதலெழுத்து ஒத்த பிற சொற்கள் அனைத்தும் அதன் வழித்தோன்றல்களாகக் காட்சியளிப்பது இயல்பு.

‘மா’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அது மரம், விலங்கு, பெருமை, கருமை, திருமகள் எனப் பல பொருள் தருவதுடன் இருபதில் ஒரு பங்கையும் நில அளவையையும் குறிக்கும். 20 மா ஒரு வேலி. கோயில் நிலக்கொடைக் கல்வெட்டுகளைப் பயில்வோர் வேலி, மா, காணி, முந்திரிகை என்னும் அளவைச் சொற்களை இடையறாது காண்பர். அங்கு ‘மா’ என்பதன் பொருளைத் தீர்மானிப்பது அதனைச் சூழ்ந்து நிற்கும் அளவைச் சொற்களே; முதலெழுத்து எவ்வகையிலும் துணைசெய்யாது.

சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள காரணம் கண்ட அளவில் விளங்கித் தோன்றாது என்பது தொல்காப்பிய உரியியலின் கருத்து. எல்லாச் சொல்லும் பொருள் குறித்து நிற்கும் எனப் பெயரியலில் கூறிய ஆசிரியரே இதனையும் கூறினார். காரணம் இல்லை என அவர் கூறவில்லை. அது எளிதில் புலப்படாது என்றே கூறினார். இந்நுட்பம் ஆய்வாளர் போற்றத்தக்கது.

4. நிகண்டு முதல் அகராதி வரை: வைப்புமுறையின் வரலாறு

சொற்களை முதலெழுத்தால் வரிசைப்படுத்துவது தமிழில் தொடக்கந்தொட்டு இருந்த முறை அன்று. சேந்தன் திவாகரம் சொற்களைத் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் 12 தொகுதிகளாகப் பகுத்தது. அதன் பதினோராம் தொகுதி ஒருசொல் பல்பொருள் பற்றியது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு இத்தகைய தொகுதியை எதுகை முறையில் அமைத்தது. இரண்டாம் எழுத்து ஒத்த சொற்கள் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டன. முதலெழுத்து ஒன்றுவது மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை என்னும் யாப்பியல் பகுப்பில், நினைவுக்கு உதவும் கருவியாக எதுகையையே சூடாமணி தேர்ந்தது. திண்ணைப்பள்ளி மாணவர் மனப்பாடம் செய்த வரிசை அதுவே.

1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையை மேற்கொண்டது. இன்று நாம் வழங்கும் ‘அகராதி’ என்னும் பெயர் இந்நூலின் வழியாக நிலைபெற்றது. ஆங்கிலத்தின் முதல் ஒருமொழி அகராதியாகக் கொள்ளப்படும் ராபர்ட் காட்ரேயின் நூல் 1604இல் வெளிவந்தது. வரிசையைப் பயன்படுத்தும் முறையைக் காட்ரே தம் முன்னுரையில் விளக்க வேண்டியிருந்தது. இரு மொழிகளிலும் முதலெழுத்து வரிசை ஏறத்தாழ ஒரே காலத்தில் புதுமையாக இருந்தது என்பதை இவை உணர்த்துகின்றன.

1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளைக் கொண்டது. அகரவரிசையை ஏற்ற அவர் நிகண்டின் பொருள்வகையையும் தொடையையும் கைவிடவில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வரிவடிவ வேறுபாட்டை நிலைப்படுத்தியவராகவும் அவர் குறிக்கப்படுகிறார். அதற்கு முந்தைய ஏடுகளில் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தமையால் ‘தெ’, ‘தே’ என்பன வடிவால் வேறுபடவில்லை. தெள், தேள் என்னும் சொற்களும், தெறு, தேறு என்னும் சொற்களும் ஏட்டில் ஒரே எழுத்துகளால் எழுதப்பட்டன. ஆகவே ‘முதலெழுத்து ஒத்த சொற்கள்’ எவை என்பதே எழுத்துமுறையின் வரலாற்றைப் பொறுத்து மாறியுள்ளது.

பின்னர் 1779இல் ஃபப்ரீசியஸ் அகராதி, 1842இல் யாழ்ப்பாணத்து மானிப்பாய் அகராதி, 1862இல் வின்சுலோ அகராதி எனத் தொடர்ந்த பணி, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் (1924–1936) பெருவடிவம் பெற்றது. பின்னிணைப்பு நீங்கலாக அதில் 1,04,405 சொற்கள் உள்ளன. இப்பெருந்தொகையில் சொல்லைத் தேடிக் காண அகரவரிசை இன்றியமையாதது. எனினும் அது தேடுவதற்குரிய கருவியே.

கணினி இதனை மேலும் தெளிவாக்குகிறது. தமிழ் நெடுங்கணக்கின்படி தேம், தேய், தேர், தேள், தேறு, தேன் என்பது வரிசை. ஒருங்குறிக் குறியெண்களை மட்டும் பின்பற்றும் நிரல் இவற்றைத் தேன், தேம், தேய், தேர், தேறு, தேள் என அடுக்கும். அக்குறியேற்றத்தில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் இடம்பெற்றிருப்பதே காரணம். தேனுக்கு அண்டைச்சொல் தேறு என்பதா தேம் என்பதா என்பதை வரிசைப்படுத்தும் விதியே முடிவுசெய்கிறது. அவ்வண்மையிலிருந்து பொருளுறவை ஊகிக்க இயலாது.

5. பாவாணரின் வேர்ச்சொல் நெறி

1902இல் சங்கரன்கோவிலில் பிறந்த பாவாணர், இராசபாளையம் பகுதியைச் சேர்ந்த முறம்பில் பள்ளி ஆசிரியராகப் பணி தொடங்கினார். இன்று அவ்வூரில் அவர் பெயரால் பாவாணர் கோட்டம் அமைந்துள்ளது. தமிழ் லெக்சிகனின் குறைகளைத் தனிநூலாக 1961இல் வெளியிட்ட அவர், 1974இல் தமிழக அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநரானார். அவர் 1981இல் மறைந்தபின், 1985இல் அகரமுதலியின் முதல் மடலம் வெளிவந்தது.

பாவாணர் உகரச் சுட்டினை அடிப்படையாகக் கொண்டு உல், குல், சுல், துல், நுல், புல், முல் என்னும் வேர்களை வகுத்து, அவற்றினின்று சொற்குடும்பங்களை விரித்தார். இவ்வமைப்பில் மாறுவது முதல் மெய். மாறாது நிற்பது உயிரும் ஈற்று மெய்யும். ஃபெர்த் கண்ட ஆங்கிலத் தொகுதிகளில் தொடக்கம் நிலைபெற, எஞ்சிய பகுதி மாறுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் அமைந்தவை. பாவாணரின் வேர்வரிசை சூடாமணியின் எதுகை வரிசையோடு வடிவால் ஒத்திருப்பது கருதத்தக்கது. ஒன்று மற்றொன்றினின்று பிறந்தது எனக் கூறச் சான்றில்லை. ஆயினும் முதலெழுத்தை விலக்கி உள்ளெழுத்தில் ஒற்றுமை காணும் மரபு தமிழுக்குப் புதிதன்று என்று கூறலாம்.

இந்நெறியின் வலிமை, சிறுசொற்களைத் தனித்தனித் துணுக்குகளாகக் கருதாமல் குடும்பமாக நோக்கியமை. அதன் இடர்ப்பாடு, ஒரு குடும்பத்தில் சேராத சொல்லைப் புறந்தள்ளுவதற்கான அளவுகோலைப் போதிய அளவு வரையறுக்காமை. பொருள்வளர்ச்சிக்கு எல்லை வகுக்காவிடின் எச்சொல்லையும் எவ்வேரோடும் இணைத்துவிடலாம். ‘கிளவ்’ போன்ற விலக்குகளை எண்ணிக் கணக்கிடும் கடப்பாடு வேர்ச்சொல் ஆய்வுக்கும் உண்டு.

6. ‘தே’ முதற் சிறுசொற்கள்: ஒரு சோதனை

மேற்கண்ட கருத்துகளைத் தேவதானம் என்னும் பெயரின் முதலெழுத்தைக் கொண்டே சோதிக்கலாம். தேன், தேள், தேர் ஆகிய மூன்றும் ‘தே’ எனத் தொடங்குவன. இனிமை, நச்சுக்கொடுக்கு, ஊர்தி ஆகியவற்றுக்குப் பொதுப்பொருள் இல்லை. இராசபாளையத்தில் தமிழோடு தெலுங்கும் வீட்டுமொழியாக வழங்குகிறது. தெலுங்கில் இம்மூன்றும் முறையே தேனெ, தேலு, தேரு எனவும், கன்னடத்தில் ஜேனு, சேளு, தேரு எனவும் அமைகின்றன. தமிழில் ஒன்றாயிருந்த தொடக்கம் கன்னடத்தில் மூன்றாகப் பிரிந்துள்ளது. தொடக்க ஒலி உறவுக்கு உறுதியான சான்றாயின் இப்பிரிவு நேர்ந்திருக்கக் கூடாது.

மாறாக, ஈற்றொலியை நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. தமிழில் ளகர ஈறுடைய கள், முள், தேள் என்பன தெலுங்கில் கல்லு, முல்லு, தேலு என லகரம் பெறுகின்றன. முதலெழுத்து வேறான மூன்று சொற்களில் ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. திராவிட மொழிகளின் உறவை நிறுவுவது இத்தகைய ஒழுங்கே. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருந்திய பதிப்பு 1984) தமிழ் வரிசையில் சொற்களை அடுக்கினாலும், உறவுக்கு உரிய அலகாகக் கொள்வது பல மொழிகளில் ஒத்தமைந்த முழுச்சொல்லையே.

‘தே’ என்னும் ஓரெழுத்தொருமொழி கடவுளைக் குறிக்கும். தே, தேவு என்பவற்றைத் தீ, தேய் என்பவற்றோடு இணைத்துத் தமிழ்ச் சொற்களாகக் காண்பது பாவாணர் நெறி. வடமொழி ‘தேவ’ என்பதை இலத்தீன் ‘தேயுஸ்’ என்பதோடு இணைத்து ஒளிப்பொருள் வேரினின்று விளக்குவது இந்தோ-ஐரோப்பிய ஒப்பியல். இங்கு எச்சரிக்கைக்குரிய ஒரு செய்தி உண்டு. கடவுளைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘தியோஸ்’. அது இலத்தீன் ‘தேயுஸ்’ என்பதோடு ஒலியாலும் பொருளாலும் நெருங்கியது. இரண்டும் உறவுடைய மொழிகளின் சொற்கள். எனினும் அவ்விரண்டும் ஒரே வேரில் பிறந்தவை அல்ல என்பது ஒப்பியலின் முடிவு. ‘தேயுஸ்’ என்பதற்கு உறவான கிரேக்கச் சொல் ‘சியூஸ்’ என்னும் தெய்வப்பெயராகும். ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்த இடத்திலும் உறவு இல்லாது போகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

கடன் சென்ற திசையையும் ஒப்புமை காட்டாது. நீர், மீன் என்னும் தமிழ்ச் சொற்கள் வடமொழியில் நீர, மீன என வழங்குகின்றன. பிற திராவிட மொழிகளில் இச்சொற்கள் பரவியிருப்பதும், வடமொழிக்கு இனமான ஐரோப்பிய மொழிகளில் இவற்றுக்கு இணை காணப்படாமையுமே இவை திராவிடத்தினின்று சென்றவை எனக் கொள்வதற்கு அடிப்படை. பரவல் ஆராயப்படாத இடத்தில், தமிழ்ச்சொல்லை வடமொழி என்பாரும் வடசொல்லைத் தமிழ் என்பாரும் ஒரே குறைபாடுடைய முறையையே கையாளுகின்றனர்.

தேவதானம் என்னும் தொடருக்கு வரலாற்றுச் சான்று வேறு வகையில் கிடைக்கிறது. சோழ, பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் இது கோயிலுக்கு உரிமையாக்கப்பட்ட நிலத்தைக் குறிக்கும் பொதுப்பெயர். பிரமதேயம், பள்ளிச்சந்தம், இறையிலி முதலிய நிலவகைப் பெயர்களோடு சேர்ந்து இது வழங்கும். பொன்னேரிப் பகுதியிலும் திருச்சிராப்பள்ளியிலும் இதே பெயருடைய இடங்கள் இருப்பது, பொதுப்பெயர் சிறப்புப் பெயரானதைக் காட்டும். அகராதியில் இச்சொல்லுக்கு அயலில் தேவதாரு முதலியன நிற்கலாம். ஆனால் சொல்லின் வரலாற்று அண்டைகள் பிரமதேயமும் பள்ளிச்சந்தமுமே. முதலெழுத்து வரிசை சிதறடித்த இவ்வுறவை நிகண்டின் பொருள்வகைமுறை ஓரிடத்தில் காட்டவல்லது.

7. முடிவுரை

இவ்வாய்வினின்று பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. முதலெழுத்து ஒப்புமை ஆய்வுக்குத் தொடக்கமாகலாம், முடிவாகாது. ஒரே தொடக்கமுடைய தொகுதியில் உடன்பிறந்தனவும் வந்து சேர்ந்தனவும் தொடர்பற்றனவும் கலந்திருக்கும்.

2. ஒலிப்பொருட்கூறு என்பது பேசுவோரின் வழக்கில் விளைவது. அதனைச் சொற்பிறப்புச் சான்றாகக் கொள்ளுதல் ஃபெர்த்தின் கருத்துக்கே முரணானது. மொழிமுதல் மயக்கமற்ற தமிழுக்கு ஆங்கில அளவுகோலை அப்படியே பொருத்துதலும் இயலாது.

3. சொல்லுறவை நிறுவ, இனமொழிகளில் ஒழுங்கான ஒலியொப்பு, பரவல், காலச்சான்று, விலக்குகளின் கணக்கு ஆகிய நான்கும் வேண்டும். பாவாணரின் வேர்க்குடும்பங்களும் தமிழ் லெக்சிகனின் வடமொழி மூலக் குறிப்புகளும் ஒரே தட்டில் வைத்து இவ்வாறு சோதிக்கப்பட வேண்டும்.

4. நிகண்டின் பொருள்வகை, எதுகை ஆகிய வைப்புமுறைகள் காலங்கடந்தவை எனத் தள்ளத்தக்கன அல்ல. மின்னகராதிகளில் ஒரே சொல்லை அகரவரிசை, பொருள்வகை, ஈற்றெழுத்து, கல்வெட்டு வழக்கு என நான்கு வழிகளிலும் தேட இயலும்படி அமைத்தல் வேண்டும். சதுரகராதி நான்கு பகுதிகளால் இத்தேவையை 1732இலேயே ஒருவாறு நிறைவு செய்துள்ளது.

‘தே’ என்று தட்டச்சு செய்தவுடன் நூற்றுக்கணக்கான சொற்கள் திரையில் தோன்றும் காலம் இது. அப்பட்டியலின் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்த வரலாறு உண்டு. அவ்வரலாற்றை வட்டார வழக்கிலும் கல்வெட்டிலும் இனமொழிகளிலும் தேடிக் காண்பதே சொல்லாராய்ச்சியின் கடமையாகும்.